ரூபாய் விழுந்தால் ஸ்ரீசிட்டியில் இருக்கும் ஜப்பானியருக்கு லாபமா? ஒரு லட்டுக் கணக்கு

2025 டிசம்பர் 3. ஒரு டாலருக்கு 90 ரூபாய் என்ற கோட்டை இந்திய ரூபாய் முதல்முறையாகத் தாண்டியது. பெட்ரோல் விலை என்ன ஆகும், தங்கம் என்ன ஆகும், ஐபோன் என்ன ஆகும் என்று நாம் எல்லோரும் நம் பக்கக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இதற்கு இன்னொரு பக்கம் உண்டு. இந்தியாவில் வந்து தங்கி வேலை செய்யும் வெளிநாட்டவருக்கு இது நல்ல செய்தியா, கெட்ட செய்தியா?

"நல்ல செய்திதானே, அவங்க காசுக்கு இங்கே நிறைய ரூபாய் கிடைக்குமே" என்றுதான் பெரும்பாலானவர்கள் சொல்வார்கள். அது பாதி உண்மை. மீதிப் பாதியைப் பார்க்கச் சென்னையிலிருந்து சுமார் 55 கிலோமீட்டர் வடக்கே, தடா எல்லையைத் தாண்டிப் போனால் போதும்.

அங்கே இருக்கிறது ஸ்ரீசிட்டி. சத்தியவேடு பக்கம் அமைந்த இந்தத் தொழில் நகரம் முன்பு சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. 2022 ஏப்ரலில் புது மாவட்டங்கள் பிரிக்கப்பட்டபோது திருப்பதி மாவட்டத்துக்கு வந்துவிட்டது. இசுஸு, கோபெல்கோ, யூனிசார்ம், டைகின் என்று ஜப்பான் நிறுவனங்கள் வரிசையாக இருக்கின்றன. தென்கொரியாவின் எல்ஜி 2025 மே மாதம் சுமார் 5,000 கோடி ரூபாய் முதலீட்டில் ஆலைக்கு அடிக்கல் நாட்டியது. கிரியா பல்கலைக்கழகமும் ஐஐஐடியும் அதே வளாகத்தில்தான். வேலை செய்பவர்களில் கும்மிடிப்பூண்டி, ஊத்துக்கோட்டைப் பக்கத்து நம்மவர்களும் உண்டு. சத்தியவேடு, நகரி, புத்தூர் வட்டாரத்தில் வீட்டில் தமிழ் பேசும் குடும்பங்களுக்கும் குறைவில்லை.

ஆக, யென்னில் சம்பளம், வோனில் சம்பளம், டாலரில் சம்பளம், ரூபாயில் சம்பளம் எல்லாம் ஒரே இடத்தில் புழங்குகிறது. இந்தக் கேள்விக்கு இதைவிட நல்ல சோதனைக்களம் கிடைக்காது.

லட்டை வைத்துப் பார்க்கலாம்

பணத்தின் மதிப்பை ஒப்பிட 'தி எகனாமிஸ்ட்' இதழ் 1986-லிருந்து 'பிக் மேக்' பர்கரைப் பயன்படுத்துகிறது. ஒரே பொருள் நாட்டுக்கு நாடு என்ன விலைக்கு விற்கிறது என்பதுதான் அந்தக் கணக்கு. திருப்பதி மாவட்டத்துக்கு பர்கர் எதற்கு? நம்மிடம் லட்டு இருக்கிறது.

திருமலையில் கூடுதலாக வாங்கும் லட்டின் விலை 2020 ஜனவரியில் 50 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டது. இன்றும் 50 ரூபாய்தான். விலை மாறாத பொருள் என்பதால் மாற்று விகிதம் செய்யும் வேலையை மட்டும் தனியாகப் பிரித்துப் பார்க்க இது வசதி. 2020 ஜனவரியின் விகிதத்தையும், 90 ரூபாயைத் தொட்ட 2025 டிசம்பர் தொடக்கத்தின் விகிதத்தையும் வைத்துக் கணக்குப் போட்டேன். எல்லாம் முழு எண்ணுக்குச் சுருக்கியவை.

அமெரிக்கருக்கு அன்று 70 சென்ட், 2025 டிசம்பரில் 56 சென்ட். 20 சதவீதம் மலிவு.

ஜெர்மனியோ பிரான்ஸோ என்றால் 63 யூரோ சென்ட், 48 ஆகிவிட்டது. அவருக்கும் மலிவு.

ஜப்பானியருக்கு அன்று 77 யென். 2025 டிசம்பரில் 87 யென். 13 சதவீதம் விலை ஏறியிருக்கிறது.

கொரியருக்கு அன்று சுமார் 820 வோன், 2025 டிசம்பரிலும் கிட்டத்தட்ட அதே.

இலங்கையிலிருந்து வரும் பக்தருக்கு அன்று 127 இலங்கை ரூபாய், 2025 டிசம்பரில் 171. மூன்றில் ஒரு பங்கு ஏற்றம்.

ஒரே லட்டு, ஒரே 50 ரூபாய், ஒரே 'வீழ்ச்சியடைந்த' இந்திய ரூபாய். ஒருவருக்கு மலிவு, ஒருவருக்கு விலையேற்றம், இன்னொருவருக்கு மாற்றமே இல்லை. செய்தியில் வரும் 'ரூபாய் வீழ்ச்சி' என்பது டாலரோடு ஒப்பிட்ட வீழ்ச்சி மட்டும்தான். அதே காலத்தில் யென் டாலரிடம் இன்னும் மோசமாக அடி வாங்கியது. 2020 ஜனவரியில் ஒரு டாலருக்கு 109 யென் சொச்சம். 2024 ஜூலையில் 161-ஐத் தாண்டி, 2025 டிசம்பர் தொடக்கத்தில் 156-ஐ ஒட்டி நின்றது. இருவரும் பள்ளத்தில் விழுந்தார்கள், யென் கொஞ்சம் ஆழமாக விழுந்தது. அதனால் யென் கண்ணுக்கு ரூபாய் ஏறித் தெரிகிறது.

ஸ்ரீசிட்டியில் இருக்கும் வெளிநாட்டவரில் ஜப்பானியரும் கொரியரும்தான் முக்கியமானவர்கள் என்பதை நினைவில் வையுங்கள். 90 ரூபாய்ச் செய்தி வந்த அன்று அவர்களில் பலருக்குக் கொண்டாட எதுவும் இருந்திருக்காது.

சம்பளம் எந்தப் பணத்தில், பில் எந்தப் பணத்தில்?

லட்டு ஒரு பொருள். வாழ்க்கைச் செலவு என்பது நூறு பொருள். வெளிநாட்டில் தங்கி வேலை செய்யும் யாருக்கும் மாதச் செலவு மூன்று பைகளிலிருந்து போகிறது. உள்ளூர்ப் பணத்தில் விலை போட்டவை ஒரு பை. விலை உள்ளூர்ப் பணத்தில் எழுதியிருந்தாலும் உண்மையில் டாலரோடு கட்டிப்போட்டவை இன்னொரு பை. சொந்த ஊரில் கட்டவேண்டியவை மூன்றாவது.

முதல் பையில் வீட்டு வாடகை, சமையல்காரர், டிரைவர் சம்பளம், காய்கறி, ஆட்டோ, முடிவெட்டு எல்லாம் வரும். இங்கே ரூபாய் விழுந்ததும் எதுவும் உடனே மாறாது. சென்னையில் வீடெடுத்துத் தினமும் தடா வழியாக ஆலைக்குப் போய்வரும் ஒருவருக்கு வாடகை ஒப்பந்தம் 11 மாதம். அது முடியும்வரை ஓனர் டாலர் விகிதத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டார். டாலரில் சம்பாதிப்பவர் லாபம் பார்ப்பது இந்தப் பையில்தான்.

இரண்டாவது பை கொஞ்சம் தந்திரமானது. இறக்குமதி செய்த மிசோ, கொரிய மிளகாய் விழுது, சீஸ், ஒயின், லேப்டாப், விமான டிக்கெட். ரூபாய் விலை போட்டிருக்கும், ஆனால் ரூபாய் விழுந்தால் அடுத்த சரக்கு வரும்போது விலை ஏறியிருக்கும். சில சர்வதேசப் பள்ளிகள் கட்டணத்தை டாலரிலேயே போடுகின்றன. வேலூர், சென்னைப் பக்கத் தனியார் பல்கலைக்கழகங்கள் பலவும் வெளிநாட்டு மாணவர்களுக்கான கட்டணத்தை டாலரில்தான் நிர்ணயிக்கின்றன. ரூபாய் எவ்வளவு விழுந்தாலும் அந்த மாணவருக்கு ஒரு சென்ட் மிச்சமில்லை. மெஸ், ஹாஸ்டல் தவிர்த்த சில்லறைச் செலவில் மட்டும்தான் வித்தியாசம் தெரியும்.

இதற்கு நேர் எதிரான உதாரணம் திருப்பதிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. சந்திரகிரி கோட்டை போன்ற இடங்களுக்குத் தொல்லியல் துறை வெளிநாட்டவருக்கு வைத்திருக்கும் நுழைவுக் கட்டணம் 300 ரூபாய். ரூபாயில் நிர்ணயித்துவிட்டதால் டாலர் ஏற ஏற வெளிநாட்டவருக்கு அது குறைந்துகொண்டே போகிறது. இலங்கையில் சிகிரியா மலைக்கு வெளிநாட்டவர் டிக்கெட் டாலரில். அங்கே ரூபாய் விழுந்தால் பயணிக்கு லாபமில்லை, அரசுக்குத்தான் லாபம். விலைப்பட்டியலை எந்தப் பணத்தில் எழுதுகிறோம் என்பது வெறும் வசதிக்கான முடிவு இல்லை. பணமதிப்பு சரியும்போது நஷ்டத்தை யார் தலையில் கட்டுவது என்ற முடிவு.

பெட்ரோலும் இரண்டாவது பையில் வரவேண்டியதுதான், கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் நாம் இறக்குமதி செய்கிறோம். ஆனால் பங்க் விலை பல மாதங்கள் அசையாமல் வைக்கப்படுகிறது. தடா எல்லையில் வேடிக்கையே வேறு. 2025-ல் ஆந்திரப் பக்கம் லிட்டர் 109 ரூபாய் சொச்சம், தமிழ்நாட்டுப் பக்கம் 101 சொச்சம். மாநில வரி செய்யும் இந்த 8 ரூபாய் வித்தியாசத்துக்கு முன்னால் மாற்று விகிதம் ஒன்றுமே இல்லை. கம்பெனி கார் ஓட்டும் டிரைவரைக் கேட்டால் எங்கே டேங்கை நிரப்பவேண்டும் என்று சொல்லிவிடுவார்.

மூன்றாவது பை பெரும்பாலும் யார் கண்ணிலும் படாதது. ஒசாகாவில் இருக்கும் வீட்டுக்கடன், வயதான பெற்றோருக்கு அனுப்பும் பணம், சொந்த நாட்டு இன்ஷூரன்ஸ், அமெரிக்கரானால் கல்லூரிக் கடன். சம்பளம் சொந்த நாட்டுப் பணத்திலேயே வந்தால் இந்தப் பையில் எந்த மாற்றமும் இல்லை. ரூபாயில் வந்தால் இதுதான் கழுத்தை நெரிக்கும்.

டாலர்காரருக்கு மட்டும் கொள்ளை லாபமா?

அதுவும் இல்லை. இங்கேதான் பெரும்பாலான விளக்கங்கள் பாதியில் நின்றுவிடுகின்றன.

2020 ஜனவரியில் 1,000 டாலரை மாற்றினால் 71,300 ரூபாய். 2025 டிசம்பர் தொடக்கத்தில் 90,000 ரூபாய். 26 சதவீதம் கூடுதல். ஆனால் இந்த ஆறு ஆண்டுகளில் இங்கே விலைவாசி சும்மா இருந்ததா? 2012-ஐ 100 என்று வைத்த சில்லறை விலைக் குறியீடு 2020 ஜனவரியில் 150-ல் இருந்தது. 2025 இறுதியில் 197-ஐத் தாண்டிவிட்டது. அதாவது 31 சதவீத ஏற்றம். 2025 இறுதியின் 90,000 ரூபாய் 2020 ஜனவரியின் 68,600 ரூபாய்க்குச் சமம். 2020-ல் 1,000 டாலரில் வாங்கியதை 2025 இறுதியில் அதே 1,000 டாலரில் முழுதாக வாங்க முடியவில்லை!

யென்னில் சம்பளம் வாங்குபவருக்கு இதே கணக்கைப் போட்டால் இன்னும் கசக்கும். 3 லட்சம் யென் அன்று 1,95,700 ரூபாய். 2025 டிசம்பரில் சுமார் 1,73,000. விலைவாசி ஏற்றத்தைக் கழித்தால் அன்றைய மதிப்பில் 1,32,000. மூன்றில் ஒரு பங்கு வாங்கும் சக்தி காணாமல் போய்விட்டது. அவர் பெயருக்கு 'ரூபாய் வீழ்ந்த நாட்டில்' வாழ்கிறார்.

இரு நாடுகளின் விலைவாசியையும் கழித்துவிட்டுப் பார்க்கும் இந்த அளவுக்குப் பொருளாதார வல்லுநர்கள் 'உண்மை மாற்று விகிதம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ரிசர்வ் வங்கி 40 நாட்டுப் பணங்களை வைத்து மாதாமாதம் ஒரு குறியீட்டை வெளியிடுகிறது. அது 100-க்கு மேலே இருந்தால் அடிப்படை ஆண்டைவிட ரூபாய் வலுவாக இருக்கிறது என்று பொருள். 2024 நவம்பரில், 'ரூபாய் வரலாறு காணாத வீழ்ச்சி' என்று நாங்கள் எல்லோரும் தலைப்பு எழுதிக்கொண்டிருந்த அதே நேரத்தில், அந்தக் குறியீடு 108-ஐத் தாண்டியிருந்தது. டாலர் விகிதம் 'வீழ்ச்சி' என்றது, இந்தக் குறியீடு 'ரூபாய் விலை அதிகம்' என்றது. இரண்டும் பொய்யில்லை, இரண்டும் வேறு வேறு கேள்விக்கான பதில்.

சம்பளம் ஏறவில்லை, வரி ஏறுகிறது

சம்பளம் டோக்கியோவிலோ டெட்ராய்ட்டிலோ போடப்பட்டாலும், வேலை இந்தியாவில் நடந்தால் அந்த வருமானத்துக்கு இங்கே வரி உண்டு. டாலர் சம்பளத்தை ஸ்டேட் வங்கியின் விகிதப்படி ரூபாயாக மாற்றி, நம் வரி அடுக்குகளில் போட்டுக் கணக்கிடுவார்கள். அடுக்குகள் ரூபாயில்தான் இருக்கின்றன. டாலருக்கேற்ப அவை நகராது.

வருடம் 60,000 டாலர் சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். 71.3 ரூபாய் விகிதத்தில் 42.8 லட்சம். 90 ரூபாய் விகிதத்தில் 54 லட்சம். அவர் கூடுதலாக ஒரு டாலர்கூடச் சம்பாதிக்கவில்லை. ஆனால் 50 லட்சத்தைத் தாண்டிவிட்டதால் வரிமேல் 10 சதவீத சர்சார்ஜ் சேர்ந்துகொள்கிறது. டெபுடேஷனில் வருபவர்களுக்குப் பல நிறுவனங்கள் இந்திய வரியைத் தாங்களே கட்டிவிடும். அப்படி ஒப்பந்தம் இல்லாதவர் பாடு சிரமம்.

நிறுவனங்களைப் பற்றிப் பேசும்போது இன்னொன்று. வெளிநாட்டுக்கு ஆளனுப்பும் பெரிய கம்பெனிகள் 'வாழ்க்கைச் செலவு அலவன்ஸ்' என்று ஒரு தொகையைத் தருகின்றன. அதை நிர்ணயிக்க மெர்சர் போன்ற அமைப்புகளின் நகர ஒப்பீட்டைப் பார்ப்பார்கள். நியூயார்க்கை அடிப்படையாக வைத்து ஒவ்வொரு நகரமும் எவ்வளவு செலவு என்று அளக்கும் பட்டியல் அது. மெர்சரின் 2024 பட்டியலில் 226 நகரங்களில் சென்னைக்கு 189-ஆவது இடம். உள்ளூர்ப் பணம் விழுந்து நகரம் மலிவாகிவிட்டால் அடுத்த பரிசீலனையில் அலவன்ஸும் குறையும். ஊழியர் கையில் வந்த லாபத்தைத் தலைமை அலுவலகம் அமைதியாகத் திரும்ப எடுத்துக்கொள்ளும். ஆன்சைட் போன நம் ஐடி நண்பர்களுக்கு இது புதிதல்ல.

விசாவிலும் ஒரு சுவாரஸ்யம் ஒளிந்திருக்கிறது. இந்தியாவில் வேலை விசா வாங்க ஒரு வெளிநாட்டவரின் ஆண்டுச் சம்பளம் 16.25 லட்சம் ரூபாய்க்கு மேல் இருக்கவேண்டும் (சமையல் கலைஞர், மொழிபெயர்ப்பாளர் போன்ற சிலருக்கு விலக்கு). 16.25 லட்சம் என்பது என்ன எண்? முன்பு இந்த வரம்பு 25,000 டாலர். ஒரு டாலருக்கு 65 ரூபாய் என்று பெருக்கிப் பாருங்கள், சரியாக 16.25 லட்சம் வரும். 65 ரூபாய்க் காலம் எப்போதோ போய்விட்டது. 90 ரூபாயில் அதே வரம்பு 18,000 டாலர் சொச்சம்தான். யாரும் விதியைத் தளர்த்தாமலேயே விதி தளர்ந்துவிட்டது.

ரூபாயில் சம்பளம் வாங்கும் வெளிநாட்டவர்

உண்மையான அடி இவர்களுக்குத்தான். ஒரு பல்கலைக்கழகத்தில் ரூபாய்ச் சம்பளத்தில் பாடம் நடத்தும் வெளிநாட்டு ஆசிரியரை எடுத்துக்கொள்ளுங்கள். அவருக்கு அமெரிக்காவில் மாதம் 500 டாலர் கல்லூரிக் கடன் பாக்கி. 2020 தொடக்கத்தில் அதற்கு 35,650 ரூபாய் ஒதுக்கினால் போதும். 2025 டிசம்பரில் 45,000. சம்பளம் அதற்கேற்ப ஏறியிருந்தால் சரி, இல்லையென்றால் மூன்றாவது பைக்காக முதல் பையில் கை வைக்கவேண்டும். வாடகையைக் குறைக்க வீடு மாறுவது, ஊருக்குப் போவதைத் தள்ளிப்போடுவது என்று ஆரம்பிக்கும்.

ஆனால் ரூபாயில் சம்பளம் வாங்கும் வெளிநாட்டவர் எல்லோரும் இப்படி இல்லை. நம் ஊர்களில் ஹோட்டல் சமையலறையிலும் அபார்ட்மென்ட் வாசலிலும் வேலை செய்யும் நேபாளிகளும் வெளிநாட்டவர்தான், அந்தச் சொல்லை நாம் அவர்களுக்குப் பயன்படுத்துவதில்லை என்றாலும். நேபாள ரூபாய் 1993-லிருந்து இந்திய ரூபாயோடு 1.60 என்ற விகிதத்தில் கட்டப்பட்டிருக்கிறது. இங்கே சம்பாதித்த 10,000 ரூபாய் அங்கே எப்போதும் 16,000. நம் ரூபாய் டாலரிடம் விழுந்தால் அவர்கள் ரூபாயும் கூடவே விழும். அவர் அனுப்பும் தொகை மாறாது, அதை வைத்து வீட்டில் வாங்கும் எண்ணெயும் போனும் விலை ஏறும். லட்டு அவருக்கு அன்றும் இன்றும் 80 நேபாள ரூபாய்.

ஒரேயடியாக விழுந்தால்?

இந்திய ரூபாய் விழுவது படிப்படியாக. பழகிக்கொள்ள நேரம் கிடைக்கிறது. ஒரேயடியாக விழுந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பக்கத்திலேயே பாடம் இருக்கிறது.

2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டாலருக்கு சுமார் 203 இலங்கை ரூபாய். மத்திய வங்கி பிடியை விட்டதும் மே மாதத்துக்குள் 360-ஐ ஒட்டிப் போய்விட்டது. கொழும்பில் டாலர் சம்பளத்தோடு இருந்த ஒருவருக்கு இரண்டே மாதத்தில் கைக்கு வரும் ரூபாய் முக்கால் மடங்கு கூடியது. முதல் சில வாரங்கள் எல்லாமே மலிவு மாதிரித்தான் தெரிந்திருக்கும். வாடகை பழையது, உணவக விலைப்பட்டியல் பழையது.

பிறகு விலைவாசி துரத்திப் பிடித்தது. 2022 செப்டம்பரில் கொழும்பு பணவீக்கம் கிட்டத்தட்ட 70 சதவீதம், உணவுப் பொருளில் 95-ஐ ஒட்டி. அதற்கும் முன்பே இன்னொரு சிக்கல் வந்துவிட்டது. கையில் ரூபாய் இருக்கிறது, வாங்கப் பொருள் இல்லை. பெட்ரோலுக்கும் சமையல் கேஸுக்கும் வரிசை, மணிக்கணக்கில் மின்வெட்டு. நாட்டிடம் டாலர் இல்லாததால்தான் பணம் விழுந்தது, அதே காரணத்தால்தான் கப்பலும் வரவில்லை. டாலர் வைத்திருந்த வெளிநாட்டவராலும் மூடிக்கிடந்த பங்கில் பெட்ரோல் போட முடியாது. இலங்கை ரூபாயில் சம்பளம் வாங்கிய வெளிநாட்டவர் நிலையைச் சொல்லவே வேண்டாம். திருப்பதிக்கு வர நினைத்த இலங்கைத் தமிழருக்கு அந்த மே மாதத்தில் அதே லட்டு 230 இலங்கை ரூபாய்க்கு மேல்.

உள்ளூர்ப் பணம் விழும்போது வெளிநாட்டவருக்குக் கிடைக்கும் லாபத்துக்கு ஒரு காலாவதித் தேதி உண்டு என்பதை இலங்கை காட்டியது. விலைகள் மாற்று விகிதத்தை எட்டிப்பிடிக்கும்வரைதான் அந்த லாபம். இந்தியாவில் அது ஆண்டுக்கணக்கில் நடக்கிறது, இலங்கையில் ஆறு மாதத்தில் நடந்தது.

நாம் அங்கே வெளிநாட்டவர் ஆகும்போது

இதுவரை மற்றவர்கள் கதை. இப்போது டோக்கியோவிலிருந்து ஆஃபர் வந்திருக்கும் உங்கள் கதை. ஸ்ரீசிட்டி, ஒரகடம் ஆலைகளிலிருந்து பயிற்சிக்கோ வேலைக்கோ ஜப்பான் போவது நம் பொறியாளர்களுக்குப் பழக்கமான பாதைதான். அங்கே உள்ளூர்ப் பணம் யென். விழுந்துகொண்டிருப்பதும் யென்.

சம்பளமும் யென், வாடகையும் யென், ரயில் பாஸும் யென் என்றால் அன்றாட வாழ்க்கையில் உடனே பெரிய வலி இல்லை. வலி இரண்டு இடத்தில் வரும். ஒன்று, வீட்டுக்கு அனுப்பும் பணம். மாதம் 50,000 யென் அனுப்பினால் 2020 ஜனவரியில் சித்தூரில் இருக்கும் அம்மா கணக்கில் 32,600 ரூபாய் விழுந்திருக்கும். 2025 டிசம்பரில் 28,800 சொச்சம். அங்கே நீங்கள் வாயைக் கட்டி மிச்சம் பிடித்த தொகை மாறவில்லை, இங்கே வீட்டுக்கடன் இஎம்ஐக்குத் துண்டு விழுகிறது.

இரண்டாவது, சோறு. எரிபொருளையும் உணவையும் பெருமளவு இறக்குமதி செய்யும் நாடு ஜப்பான். பல ஆண்டுகள் விலையே ஏறாத அங்கே 2022-லிருந்து விலைவாசி ஏறத் தொடங்கியது. 2025 மே மாதம் அரிசி விலை ஓராண்டுக்கு முன்பிருந்ததைப்போல இரண்டு மடங்கு ஆனது. அதற்கு முக்கியக் காரணம் உள்நாட்டு விளைச்சலும் விநியோகமும், யென் அல்ல. ஆனால் யென் வலுவாக இருந்தால் வெளியிலிருந்து வரும் அரிசி கைகொடுத்திருக்கும். சூப்பர் மார்க்கெட்டில் 5 கிலோ பை 4,200 யென்னைத் தாண்டியது. நம் பணத்தில் கிலோ 500 ரூபாய்க்குப் பக்கம். சரி, நம்ம ஊர் பொன்னியோ பாஸ்மதியோ வாங்கிக்கலாம் என்றால், ஒதுக்கீட்டுக்கு வெளியே இறக்குமதியாகும் அரிசிக்குக் கிலோவுக்கு 341 யென் வரி. மூன்று வேளையும் சோறு வேண்டும் என்பவர்கள் ஆஃபர் லெட்டரைப் படிக்கும்போது இதையும் படித்துக்கொள்ளலாம்.

ஆகவே ஆஃபரைப் பார்க்கும்போது "இன்றைய ரேட்டில் எத்தனை லட்சம் ரூபாய்" என்ற ஒற்றைப் பெருக்கல் போதாது. அங்கே செலவழிக்கப் போகும் பங்கை ரூபாய்க்கு மாற்றவே மாற்றாதீர்கள், அங்குள்ள வாடகையோடும் அரிசியோடும் மட்டும் ஒப்பிடுங்கள். மிச்சமாகும் பங்கை மட்டும் ரூபாய்க்கு மாற்றுங்கள். அதையும் இன்றைய விகிதத்தில் ஒருமுறை, 15 சதவீதம் குறைவாக ஒருமுறை. இரண்டாவது எண்ணிலும் வீட்டுக் கடமைகள் அடங்கினால் பயமில்லை. எச்ஆரிடம் கேட்கவேண்டியதும் இதுதான்: சம்பளத்தில் ஒரு பகுதியை இந்தியாவிலேயே ரூபாயில் தருவீர்களா? அலவன்ஸ் எத்தனை மாதத்துக்கு ஒருமுறை பரிசீலிக்கப்படும்?

அமெரிக்காவுக்குப் படிக்கப் போனவர்களுக்குப் பிரச்சினை தலைகீழ். அங்கே உள்ளூர்ப் பணம் விழவில்லை, நம் பணம் விழுகிறது. திருப்பதி, சித்தூரிலிருந்து எம்எஸ் படிக்கப் போகும் பிள்ளைகளுக்குக் கல்விக்கடன் ரூபாயில் ஒப்புதலாகிறது, கட்டணம் டாலரில் கேட்கப்படுகிறது. 2024 ஆகஸ்டில் சேர்ந்த ஒருவர் ஒரு செமஸ்டருக்கு 12,000 டாலர் கட்டினால் அன்று சுமார் 10.07 லட்சம் ரூபாய். டாலர் 90-ல் இருக்கும்போது கடைசி செமஸ்டருக்கு அதே 12,000 டாலர் கட்ட 10.8 லட்சம் வேண்டும். 73,000 ரூபாய் கூடுதல். வங்கி ஒப்புதல் கொடுத்த தொகை 2024 விகிதத்தில் கணக்கிட்டது. வித்தியாசத்தை யார் போடுவது? பெரும்பாலும் அப்பாவின் சேமிப்பு, இல்லையென்றால் நகை.

அதே மாணவருக்கு அங்கே வேலை கிடைத்துவிட்டால் காட்சி மாறும். மாதம் 45,000 ரூபாய் இஎம்ஐ கட்ட 2024-ல் 536 டாலர் தேவைப்பட்டிருக்கும், 90 ரூபாயில் 500 டாலர் போதும். படிக்கும்போது எதிரியாக இருந்த அதே விகிதம் சம்பாதிக்கும்போது துணைக்கு வருகிறது. வேலை கிடைக்காமல் திரும்பி வந்தால் ரூபாய்ச் சம்பளத்தில், வீங்கிய கடனை அடைக்கவேண்டும். கடன் விண்ணப்பம் போடும் கட்டத்தில் இருப்பவர்கள் வங்கி மேலாளரிடம் கேட்டுப் பார்க்கலாம்: மொத்தச் செலவை இன்றைய விகிதத்தில் இல்லாமல் 10 சதவீதம் கூட்டி ஒப்புதல் தர முடியுமா என்று. ஒப்புதலான தொகை முழுவதையும் எடுத்தாக வேண்டிய கட்டாயமில்லை. எடுத்த பகுதிக்கு மட்டும்தான் வட்டி.